திருநெல்வேலி பெருமாள்புரம், தியாகராஜ நகர் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்: கண்ணாடி அடுப்புக்கு ‘பாலிஷ்’ போட வரும் ஆட்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு அடுப்பின் மேல்கண்ணாடி வெடித்துச் சிதறியது. கொதித்துக்கொண்டிருந்த சாளைமீன் குழம்போடு மண்சட்டி அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அதுவரை அடுப்புக்கு நேர் முன்னால் நின்றிருந்த என் மாமியார், கறிவேப்பிலை பறிக்கப் புறவாசலுக்குப் போய் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

மொட்டை மாடியில் சோலார் போட்டபிறகு கேஸைக் குறைத்துவிட்டு, மேடையிலேயே பதிக்கிற கரண்ட் அடுப்பு வாங்கினோம். ஒரே கருப்புக் கண்ணாடி, இரண்டு வட்டம். இடது பக்கம் இண்டக்‌ஷன். வலது பக்கம் இன்ஃப்ராரெட். கண்ணாடிக்குக் கீழே கம்பி செக்கச்செவேல் என்று பழுத்து எரியும். இண்டக்‌ஷனில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வைக்க முடியும். இன்ஃப்ராரெட்டில் மண்சட்டிகூட வைக்கலாம், மீன் குழம்புக்காகவே அத்தை அதைத்தான் வாங்கச் சொன்னாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டிலேயே அல்வா கிண்டினோம். டவுனில் போய் வாங்கலாம்தான். ஆனால் சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பால் எடுத்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை கிண்டினால்தான் அத்தைக்குப் பண்டிகை வந்த மாதிரி இருக்கும். சீனிப்பாகு பொங்கி ஒரு கரண்டியளவு வலது வட்டத்தின் ஓரத்தில் வழிந்தது. அடுப்பு ஆறட்டும், அப்புறம் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் அது கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. சுரண்டி எடுத்தபோது கண்ணாடியும் செதிலாகப் பெயர்ந்து, கடுகளவில் நாலைந்து குழி விழுந்துவிட்டது. போர் தண்ணீரில் துடைத்துத் துடைத்து வெள்ளைப் படலம் வேறு. அடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் இரண்டு பையன்கள் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கம்பெனி பெயர் போட்ட டீ-ஷர்ட், தோளில் பெரிய பை. “அக்கா, உங்க ஏரியால சர்வீஸ் கேம்ப் போட்டிருக்கோம். சிம்னி, ஆர்.ஓ., கண்ணாடி அடுப்பு எதுன்னாலும் ஃப்ரீ செக்கப்” என்றார்கள். உள்ளே வந்து அடுப்பைப் பார்த்ததும் ஒருவன் அந்தக் குழிகளை விரலால் தடவினான். “கார்பன் ஏறியிருக்குக்கா. இப்படியே விட்டா கரண்ட் மேல வந்துரும். வீட்ல பெரியவங்க இருக்காங்க, பாத்துக்கிடுங்க” என்றான். அத்தையைக் காட்டிச் சொன்னதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. சுத்தம் பண்ணி ‘நானோ கோட்டிங்’ கொடுக்க 1,450 ரூபாய்.

பையிலிருந்து டிரில்லிங் மெஷினை எடுத்து அதில் ஒரு பஞ்சுச் சக்கரத்தை மாட்டினான். சாம்பல் நிறப் பொடி ஒன்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கண்ணாடியில் அப்பிக்கொண்டு ஓட்டினான். அம்மியில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். “கீறாதா தம்பி?” என்று கேட்டேன். “இது ஜெர்மன் பவுடர்க்கா” என்றான். இருபது நிமிஷம். கடைசியில் எண்ணெய் மாதிரி எதையோ ஊற்றித் துணியால் தேய்த்தான். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. ஜி-பே வேலை செய்யவில்லை, கேஷாகக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வலது பக்கம் பால் வைத்தேன். பிளாஸ்டிக் கருகுகிற நெடியோடு புகை கிளம்பியது. பூச்சு வட்டமாகக் கருகி உரிந்துபோனது. அன்று சாயங்காலம் வெயில் ஜன்னல் வழியாகச் சரிந்து விழுந்தபோதுதான் பார்த்தேன்: கண்ணாடி முழுக்கச் சிலந்திவலை போல வட்டவட்டமாகக் கீறல்.

பங்குனியில் ஓரத்திலிருந்து முடி கனத்துக்கு ஒரு விரிசல் ஓடிவந்தது. அவர்கள் கொடுத்த நம்பருக்கே போன் செய்தேன். கம்பெனிக்குப் போன் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. வந்தவன், “கம்பெனியில கேட்டா 7,000 சொல்லுவாங்க. நான் 3,200-க்கு ஒரிஜினல் போட்டுத் தாரேன்” என்றான். ஒரு வெள்ளிக்கிழமை வந்து மாற்றினான். பழைய கண்ணாடியை எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது, அடுத்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் கேம்ப் இருக்கிறது, தெரிந்தவர்கள் இருந்தால் நம்பரைக் கொடுங்கள் என்றும் சொன்னான்.

அவன் முன்னாலேயே வலது பக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். வழக்கமாகப் பத்து எண்ணுவதற்குள் கண்ணாடி வழியாகச் சிவப்பு வளையம் தெரியும். அன்று ஒன்றுமே தெரியவில்லை, கருப்பாகவே இருந்தது. லேசாகப் பெயிண்ட் வாடை. கேட்டதற்கு, “புது மாடல்க்கா, கண்ணு கூசாது” என்றான். அந்தச் சிவப்பு தெரியாமல் போனதுதான் எனக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை.

சனிக்கிழமை முழுக்க இடது பக்கத்தில்தான் சமையல். ஞாயிற்றுக்கிழமைதான் வலது பக்கத்தில் மண்சட்டி ஏறியது. குழம்பு கொதித்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் இருக்கும். பட்டாசு வெடித்த மாதிரி ஒரே சத்தம். வீட்டு டிரிப்பர் விழுந்து கரண்ட் போனது. அது விழாமல் இருந்திருந்தால், எரிகிற கம்பி மேலே குழம்பு ஊற்றிக் கிடக்கிற அடுப்பில் யாராவது பதறிக் கை வைத்திருப்போம். அடுக்களை பூராவும் கண்ணாடி, ஒவ்வொன்றும் கல்கண்டு அளவில், ஓரம் கூர்மை இல்லாமல் பொடிப்பொடியாக. “ஏட்டி, காலை எடுத்து வைக்காத, அப்படியே நில்லு” என்று அத்தை வாசலில் நின்று கத்தினாள். நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

வண்ணார்பேட்டையில் ரொம்ப வருஷமாக மோட்டார், மிக்ஸி, அடுப்பு எல்லாம் பார்க்கிற அண்ணாச்சி ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் அடுப்பைத் தொடவே இல்லை. முதலில் ஒரு கண்ணாடித் துண்டைக் கையில் எடுத்தார். “இது செராமிக் இல்லம்மா. கார் ஜன்னல் கண்ணாடி இருக்குல்லா, அதே இனம். டஃபன்ட் கிளாஸ். செராமிக் விரிசல் விடும், பெரிய பெரிய சில்லா உடையும். இப்படி உதிராது” என்றார். துண்டின் பின்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். கருப்புப் பெயிண்ட் உரிந்து வந்தது. கீழே வெறும் கண்ணாடி. எங்கள் அடுப்பில் கம்பெனி போட்டிருந்தது செராமிக் கண்ணாடி, கண்ணாடியிலேயே நிறம் ஏறியது. அதனால்தான் சிவப்பு வெளிச்சம் அதில் ஊடுருவி வந்தது. பெயிண்ட் அடித்ததில் எப்படி வரும்?

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். சாதாரணக் கண்ணாடி சூடுபட்டால் விரியும். நடுவட்டம் கொதிக்கும்போது ஓரம் குளிர்ந்திருக்கும், இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்து வெடித்துவிடும். டஃபன்ட் கிளாஸ் கொஞ்சம் தாங்கும், ஏறக்குறைய 250 டிகிரி வரை. கேஸ் அடுப்பில் நெருப்பு கண்ணாடிக்கு மேலே தனியாக எரிவதால் அங்கே அது போதும். இன்ஃப்ராரெட்டில் சூடு கண்ணாடிக்குள் புகுந்துதான் வெளியே வரவேண்டும், 400 டிகிரியைத் தாண்டும். செராமிக் கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் இருக்கின்றன. கண்ணாடி விரிகிற அளவுக்கு அந்தப் படிகங்கள் சுருங்குவதால் மொத்தத்தில் அது விரிவதே இல்லை என்று சொல்லலாம். 700 டிகிரி சூட்டிலும் தாங்குவது அதனால்தான்.

என் தம்பி மகன் இதைக் கேட்டுவிட்டு ஒரு கதை சொன்னான். 1953-ல் அமெரிக்காவில் கார்னிங் கம்பெனியில் ஸ்டூக்கி என்ற விஞ்ஞானி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்க உலையில் வைத்தார். உலை கோளாறாகி 900 டிகிரிக்குப் போய்விட்டது. உருகிக் கிடக்கும் என்று திறந்தால் வெள்ளையாக, வடிவம் குலையாமல் இருந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. செராமிக் கண்ணாடி பிறந்த கதை அதுதானாம். அப்படிப்பட்ட பொருளை அந்தப் பாலிஷ் ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டு, கேஸ் அடுப்புக்குப் போடுகிற கண்ணாடியை அளவுக்குச் செய்து வாங்கி என் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

சரி, முதல் விரிசல் ஏன் வந்தது? பாலிஷ் போட்ட கீறல்தான் என்றார் அண்ணாச்சி. செராமிக் சூட்டைத் தாங்கும், ஆனால் கீறலும் குழியும் விழுந்த இடம் பலவீனமாகிவிடும், பாத்திரத்தை வைக்கும்போது படுகிற சின்னத் தட்டுக்கூடப் போதும். கார்பன் ஏறி கரண்ட் மேலே வரும் என்பது சுத்தப் பொய். கரண்ட் மேலே வர வாய்ப்பிருப்பது விரிசல் விட்டபிறகு, அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும்போதுதான். விரிசலைக் கண்டதும் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மெயினை அணைத்துவிட்டு அடுப்பைத் தொடாமல் விடுவது. நான் டேப் ஒட்டி இரண்டு வாரம் சமைத்தேன். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

இந்தக் கண்ணாடியைத் துடைக்க யாரையும் கூப்பிட வேண்டியதே இல்லை. சூடு இருக்கும்வரை எரிகிற ‘எச்’ விளக்கு அணைந்தபிறகு, ஈரத்துணியில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டுத் துடைத்து, வேறு சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்றி எடுத்தால் தினப்படிக்குப் போதும். கரித்துணியால் துடைத்தால் அதில் உள்ள எண்ணெய் அடுத்த தடவை கருகிப் படியும். போர் தண்ணீரின் வெள்ளைப் படலத்துக்கும், அலுமினியச் சட்டி இழுத்த சாம்பல் கோட்டுக்கும் வெள்ளை வினிகர். சொதி பொங்கி வழிந்து தேங்காய்ப்பால் காய்ந்து பிடித்திருந்தால், ஆப்பசோடாவைக் குழைத்துத் தடவி மேலே ஈரத்துணியைப் போட்டுக் கால்மணி நேரம் விட்டால் இளகிவிடும். அதற்கும் அசையாததற்குக் கண்ணாடி சுரண்டுகிற பிளேடு ஸ்க்ரேப்பர். அந்த இடத்தை ஈரமாக்கிவிட்டு, பிளேடைப் படுக்கைவாக்கில் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தள்ள வேண்டும். நுனியால் குத்தக் கூடாது.

சீனி மட்டும்தான் விதிவிலக்கு. பாகோ ஜாமோ வழிந்தால் ஆறும்வரை காத்திருக்கவே கூடாது. அது குளிர்ந்து சுருங்கும்போது கண்ணாடியையும் சேர்த்துப் பெயர்க்கும், என் வீட்டில் விழுந்த குழி அப்படி வந்ததுதான். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, கைக்குச் சமையல் கையுறை போட்டுக்கொண்டு, சூடு இருக்கும்போதே ஸ்க்ரேப்பரால் வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். மற்றபடி கம்பி நார், பச்சை ஸ்க்ரப்பர், விளக்கு துலக்குகிற பொடி, சாம்பல், ப்ளீச்சிங், அமோனியா கலந்த ஜன்னல் கிளீனர் எதுவும் கிட்டே போகக் கூடாது. மண்சட்டியின் அடி சொரசொரப்பாக இருக்கும், அதைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. பாத்திரத்துக்கு அடியில் ஒரு உப்புக்கல் ஒட்டியிருந்தால்கூடக் கோடு விழும்.

அடுப்புக் கம்பெனிக்குப் போன் செய்தேன். வீடு வீடாகப் போகும் கேம்ப் எதுவும் தங்களுக்கு இல்லை, வெளி ஆள் பிரித்ததால் வாரண்டியும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் யார் மேல் போடுவது? எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருக்கிற பில்லில் ‘கிளாஸ் சேஞ்ச் – 3,200’ என்ற ஒரு வரியும், இப்போது அணைந்து கிடக்கிற ஒரு செல் நம்பரும்தான் இருக்கின்றன. போலீஸிலும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். உடைந்த துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் எந்தச் சாமான் மாற்றினாலும் பழைய சாமானைக் கொடுத்துவிடாதீர்கள், முகவரி இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அம்பை, கல்லிடை, வீரவநல்லூர் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் இதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். அங்கே யாராவது சமீபத்தில் இப்படிக் கண்ணாடி மாற்றியிருந்தால், இன்றைக்கு ராத்திரி அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு, பாத்திரம் எதுவும் வைக்காமல் இன்ஃப்ராரெட் பக்கத்தை மட்டும் போட்டு, எட்டி நின்று பத்து எண்ணுங்கள். முன்பு தெரிந்த சிவப்பு இப்போது தெரியவில்லை என்றால் உடனே மெயினை அணைத்துவிடுங்கள், அதில் சமைக்காதீர்கள்.