வகுப்புக்குப் போகாமல் எம்.எட்.: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

வேலை பார்த்துக்கொண்டே எம்.எட். (ஆசிரியர் கல்வியில் முதுகலைப் பட்டம்) முடிக்கலாம், வகுப்புக்கு வர வேண்டாம், வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வீடு தேடி வரும் என்று சொல்லும் எந்தக் கல்வி மையத்திலும் பணம் கட்டாதீர்கள். திருச்சியில் அப்படி ஒரு மையத்தில் நான் 85,000 ரூபாய் கட்டினேன். கைக்கு வந்தவை இரண்டு போலி மதிப்பெண் பட்டியல்கள். என்னுடைய அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கவே காவல் நிலையம் வரை போக வேண்டியிருந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. பெயர்ப்பலகையை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார்கள். ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொண்டால் எந்த ஊரிலும் அடையாளம் காணலாம்.

நான் எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பி.எட். கல்லூரியில் கணிதம் கற்பித்தல் பாடத்துக்கு விரிவுரையாளராக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி அதற்குப் பாடத்தில் முதுகலைப் பட்டமும் எம்.எட்.டும் வேண்டும், இரண்டிலும் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண். அந்த விதிகளில் எம்.எட். என்பது இரண்டு ஆண்டுப் படிப்பு. ஆண்டுக்கு 200 வேலை நாள்கள் நடக்க வேண்டும். தனியார் பள்ளியில் எந்தத் தாளாளர் இரண்டு ஆண்டு விடுப்புத் தருவார்? வேலையை விட்டால் குடும்பம் நடக்காது. என்னைப் போன்ற ஆசிரியர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள் என்பது தரகர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் சேர்ந்தது 2021-இல். கொரோனாவால் பள்ளி, கல்லூரி எல்லாம் இணையவழியில் நடந்துகொண்டிருந்த நேரம். “இனி எம்.எட்.டும் இப்படித்தான் மேடம், அரசே அனுமதித்துவிட்டது” என்று மையத்தை நடத்துபவர் சொன்னபோது அன்றைய நிலையில் அது நம்பக்கூடியதாகவே இருந்தது. ஆனாலும் ஆதாரம் கேட்டேன். மூன்று தாள்களைக் காட்டினார். முதலாவது, அந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவிய மாநிலச் சட்டத்தின் நகல். இரண்டாவது, பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் அதன் பெயர் இருக்கும் பக்கம். மூன்றாவது, தொலைநிலைப் படிப்புகளை நடத்த மானியக் குழு கொடுத்த ஒப்புதல் கடிதத்தின் முதல் பக்கம். எந்தெந்தப் படிப்புகளுக்கு ஒப்புதல் என்று பட்டியலிடும் இணைப்புத் தாள் எங்கே என்று கேட்டேன். “அலுவலகத்தில் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்” என்றார். இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் வந்தது. எம்.ஏ., எம்.காம்., எம்.பி.ஏ. என்ற வரிசையில் எம்.எட்.டும் இருந்தது.

அந்த ஒரு வரி இடையில் செருகப்பட்டது என்பது பின்னால்தான் தெரிந்தது. மற்ற எல்லாம் உண்மையான தாள்கள். பல்கலைக்கழகம் உண்மையாகவே இருக்கிறது, பட்டம் வழங்க அதற்குச் சட்டப்படி உரிமையும் இருக்கிறது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு வெளியிடுகிறது. அதில் தேடினால் இந்தப் பெயர் வராது. தேடிப் பார்ப்பவர் நிம்மதியாகப் பணம் கட்டிவிடுவார். தொலைநிலைக் கல்வியில் ஒப்புதல் என்பது பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. இந்தப் படிப்பு, இந்த முறையில், இந்தக் கல்வியாண்டில் நடத்தலாம் என்று தனித்தனியாகக் கொடுக்கப்படுகிறது. எம்.ஏ. தமிழுக்கு வாங்கிய ஒப்புதலை வைத்து எம்.எட். நடத்த முடியாது. ஒரு பருவத்துக்குக் கிடைத்த அனுமதி அடுத்த பருவத்துக்குத் தானாகவே நீளாது. இந்த வித்தியாசம் பொதுமக்களுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

எம்.எட். விஷயத்தில் இதற்கும் மேலே ஒன்று உண்டு. ஆசிரியர் கல்விப் படிப்பு எதுவானாலும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் தனியாக வேண்டும். அதன் 2014 விதிகளில் தொடக்கக் கல்விப் பட்டயத்துக்கும் பி.எட்.டுக்கும் தொலைநிலை முறைக்கென்று தனி நெறிமுறைகள் இருக்கின்றன. எம்.எட்.டுக்கு அப்படி எதுவும் இல்லை. நான் சேர்ந்த ஆண்டில் தொலைநிலை எம்.எட். என்று எந்தப் பல்கலைக்கழகம் சொல்லியிருந்தாலும் அது செல்லாது.

படிப்பு நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வகுப்பு கிடையாது. நகலெடுத்த குறிப்புகளைக் கொடுத்தார்கள். தேர்வை ஒரு நர்சரி பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தார்கள். நான் படித்து, என் கையால் எழுதினேன்.

ஆய்வேட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று வரை ஆறாத காயம் அது. எம்.எட்.டில் ஆய்வேடு கட்டாயம். மையத்தில், “12,000 ரூபாய் கொடுத்தால் நாங்களே தந்துவிடுகிறோம், உங்கள் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார்கள். மறுத்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இயற்கணிதத்தைக் கண்டு ஏன் அஞ்சுகிறார்கள் என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். எங்கள் பள்ளியிலும் பக்கத்து அரசுப் பள்ளியிலும் வினாத்தாள் கொடுத்தேன், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினேன், இரவுகளில் கணக்கிட்டு எழுதினேன். எண்களைக் கூட்டும்போது தடுமாறாத பிள்ளை, எண் இருந்த இடத்தில் எழுத்து வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுவதை நேரில் பார்த்தேன். ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருந்திருந்தால் அதிலிருந்து எத்தனையோ கற்றிருப்பேன். பைண்டு செய்து கொடுத்த அந்த ஆய்வேட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாய்மொழித் தேர்வு எப்போது என்று கேட்டபோது, “அதெல்லாம் போட்டாகிவிட்டது மேடம்” என்றார்கள். மதிப்பெண் பட்டியலில் ஆய்வேட்டுக்கு 82 மதிப்பெண் இருந்தது. நாளைய ஆசிரியர்களை உருவாக்கப் போகிறவர்களுக்கான படிப்பு இது. இதைக் கடைச்சரக்காக விற்பவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம், போன பணத்துக்கானது மட்டும் இல்லை.

2023-இல் ஒரு பி.எட். கல்லூரியில் நேர்காணலுக்குப் போனேன். முதல்வர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: “அம்மா, உங்களை நியமித்தாலும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தகுதி ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். இது அங்கே நிற்காது. முதலில் அந்தப் பல்கலைக்கழகத்திடமே இது உண்மையான பட்டியல்தான் என்று உண்மைத்தன்மைச் சான்று வாங்குங்கள்.” மதிப்பெண் பட்டியலின் நகலை இணைத்து அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். அந்தப் பதிவெண்ணில் மாணவர் யாரும் இல்லை, தாங்கள் எம்.எட். நடத்துவதே இல்லை, அந்த மையத்துக்கும் தங்களுக்கும் தொடர்பு இல்லை என்று பதில் வந்தது.

மையத்தில் கேட்டபோது கதை மாறியது. அசல் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போதே “சரிபார்க்க” என்று வாங்கி வைத்திருந்தார்கள். மீதிக் கட்டணம் என்று இன்னும் 20,000 ரூபாய் கொடுத்தால்தான் தருவோம் என்றார்கள். உண்மையான கல்லூரிக்கே அந்த உரிமை கிடையாது. அசல்களைப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், நிறுவனம் தன்வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. பணம் கேட்டு மிரட்டுகிறார்கள் என்று எழுத்தில் புகார் கொடுத்தேன். காவல் நிலையத்தில் வைத்துச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டார்கள். பணம் இன்னும் வரவில்லை.

இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மையம் காட்டும் எந்த நகலையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் நீங்களே பல்கலைக்கழகத்தின் பெயரையும் நீங்கள் சேரும் கல்வியாண்டையும் வைத்துத் தேடுங்கள். உங்கள் படிப்பின் பெயர் அங்கே இருக்க வேண்டும். 2024 முதல் தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் சேரும் மாணவர் அந்தப் பிரிவின் தளத்தில் தனக்கென ஓர் அடையாள எண் உருவாக்கிக்கொள்ள வேண்டும். அது தேவையில்லை என்று ஒருவர் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். எம்.எட். என்றால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் பட்டியலையும் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி குழுமத்திடமே கேட்கலாம்; 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். தொலைநிலைக் கல்வியை முகவர்களிடம் குத்தகைக்கு விடுவதை விதிகள் தடை செய்கின்றன. தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலே அது மோசடி.

வேலையை விட முடியாதவர்களுக்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. கல்வியியலில் எம்.ஏ. பட்டத்தைத் தொலைநிலையில் முறையாகவே படிக்கலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. உயர்கல்வியைச் சிறப்புப் பாடமாக எடுக்கவும் அதில் இடம் உண்டு. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்விலும் கல்வியியல் ஒரு பாடம். 2014 விதிகளின்படி பி.எட். கல்லூரியில் கல்வியின் அடிப்படைகளைக் கற்பிக்கும் பணியிடத்துக்கு, எம்.எட்.டுக்கு மாற்றாகக் கல்வியியல் எம்.ஏ.வும் பி.எட்.டும் தலா 55 விழுக்காட்டோடு இருப்பதையும் ஏற்கிறார்கள். என்னைப் போலக் கணிதம் கற்பித்தலுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு மட்டும் எம்.எட். தவிர வேறு வழியில்லை. “எம்.ஏ.வும் எம்.எட்.டும் ஒன்றுதான்” என்று எந்த மையமாவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்படிப்பட்ட மதிப்பெண் பட்டியல் ஏற்கெனவே கையில் இருந்தால், முதலில் உண்மைத்தன்மைக்கு எழுதுங்கள். போலி என்று தெரிந்த பிறகும் அதை வேலைக்கோ பதவி உயர்வுக்கோ காட்டினால், குற்றம் நம் தலையில் வந்து விழும். ரசீதுகள், வங்கிப் பரிமாற்ற விவரங்கள், வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். அந்த இணைப்புத் தாளை அவர்கள் அனுப்பிய செய்திதான் என் புகாருக்கு வலுவான ஆதாரமாக இருக்கிறது. திருச்சி, கரூர், பெரம்பலூர் பக்கத்தில் 2021-க்குப் பிறகு இப்படி எம்.எட். சேர்ந்தவர்கள் தயவுசெய்து அவரவர் பெயரில் தனிப் புகார் கொடுங்கள். ஒருவர் மட்டும் கொடுத்தால் கட்டணத் தகராறு என்று சொல்லித் தப்பப் பார்க்கிறார்கள். என் விஷயத்தில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.