வான்கோவின் பூங்கொத்து, அதன் அடியில் இரண்டு மல்லர்கள்

வான்கோ வரைந்த பூ என்றாலே எல்லோருக்கும் சூரியகாந்திதான். தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகரத்தில் வரைந்த சூரியகாந்திச் சாடிகளுக்கு இரண்டு வருடம் முந்தி, 1886 கோடையில், பாரிஸுக்கு வந்த புதிதில் அவர் கிடைத்த பூவையெல்லாம் வரைந்து தள்ளினார். மாடலுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. தெரிந்தவர்கள் வாரா வாரம் பூ அனுப்புகிறார்கள் என்று தம்பி தியோ அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். அந்தப் பூக்கால ஓவியங்களில் நான் அதிக நேரம் நின்று பார்த்தது, நெதர்லாந்தின் ஓட்டர்லோவில் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘புல்வெளிப் பூக்களும் ரோஜாக்களும்’.

முதலில் அசத்துவது அளவு. 100 சென்டிமீட்டர் உயரம், 80 அகலம். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் அவருடைய கிளாடியோலஸ் சாடி இதில் கால்வாசிகூட வராது. எட்ட நின்று பார்த்தால் பூக்கள் சாடிக்குள் அடங்காமல் பிதுங்கி வழிகின்றன. போதாததற்குக் கீழே மேசைமேலும் ரோஜாக்கள் கிடக்கின்றன. மேல்பாதி எனக்குக் கொஞ்சம் திகட்டியது. கண் இளைப்பாற இடமே இல்லை. ஆனால் கிட்டப் போனதும் அந்தக் குறை எனக்குப் பெரிதாகப்படவில்லை. நானும் எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவன் என்பதால் தூரிகை போன வழியைத்தான் முதலில் தேடுவேன். இங்கே வண்ணம் குழைவாக, தடிப்பாக நிற்கிறது. ராஹேல் ருய்ஷ், யான் வான் ஹய்சும் போன்ற பழைய டச்சு ஓவியர்கள் வெவ்வேறு பருவத்துப் பூக்களை ஒரே சாடியில் சேர்த்து, தூரிகைத் தடமே தெரியாமல் வழவழவென்று முடிப்பார்கள். இவர் பூ வாடுவதற்குள் முடித்தாக வேண்டும் என்கிற வேகத்தில் போட்டிருக்கிறார். மார்செய் ஓவியர் மொந்திசெல்லியின் தடித்த பூச்சு அப்போது அவரை ரொம்பவே ஈர்த்திருந்தது.

சரி, மல்லர்கள், அதாவது மல்யுத்த வீரர்கள் கதைக்கு வருகிறேன். அருங்காட்சியகம் இதை 1974-ல் வாங்கியது. ஆனால் இவ்வளவு பெரிய அளவு வான்கோவின் வழக்கமில்லை, கையெழுத்து மேலே வலது மூலையில் இருக்கிறது, பூக்கள் அளவுக்கு மீறி நெரிகின்றன என்றெல்லாம் சந்தேகம் வந்து, 2003-ல் அவருடையது இல்லை என்றே ஒதுக்கிவிட்டார்கள். பூக்களின் வண்ணப் பூச்சுக்கு அடியில் இரண்டு மல்லர்களின் உருவம் இருப்பது எக்ஸ்ரேயில் ஏற்கெனவே மங்கலாகத் தெரிந்திருந்தது. பிறகு ஹாம்பர்க்கின் டெசி ஆய்வுக்கூடத்தில் இன்னும் கூர்மையான எக்ஸ்ரே முறையில் பரிசோதித்தபோது அது தெளிவாக வந்தது. 1886 ஜனவரியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் கலைப்பள்ளியிலிருந்து, ‘இரண்டு மல்லர்களைப் பெரிதாக வரைந்தேன்’ என்று அவர் தியோவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அந்தப் பள்ளியில் ஆளை வைத்து வரையப் பயன்படுத்திய ஓவியத் துணியின் அளவும் இதேதான். 2012-ல் ஓவியம் மறுபடி அவர் பெயருக்கு வந்தது. சந்தேகத்துக்கு முதல் காரணமாக இருந்த அளவே கடைசியில் சாட்சியாகிவிட்டது! துணி வாங்க வசதியில்லாமல் பழைய பயிற்சிப் படத்தின் மேலேயே பூ வரைந்த மனிதரை நினைக்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது.

இருந்தாலும், மல்லர்களைத் தேடிக்கொண்டு அதன் முன்னால் நிற்காதீர்கள். வெறும் கண்ணுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். கீழே கிடக்கும் ரோஜாக்களைத் தவறவிடுவதுதான் மிச்சமாகும். இந்த ஓவியத்தின் உயிர் எனக்கு அங்கேதான் தெரிந்தது. சாடிக்குள் இருக்கும் நெரிசல் அங்கே தளர்ந்துவிடுகிறது. அவருடைய தலைசிறந்த பூ ஓவியம் இது என்று சொல்லமாட்டேன். நிறத்தோடு நிறத்தை மோதவிட்டுக் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு கையை இவ்வளவு பெரிய பரப்பில் பார்க்க முடிகிறதே, அதற்காகவே போகலாம்.

அருங்காட்சியகம் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் பூங்காவுக்குத் தனி டிக்கெட், அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட். உள்ளே இலவசமாகக் கிடைக்கும் வெள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு போவது நல்லது. ஓவியங்களை மாற்றி மாற்றி மாட்டுவார்கள், இது சுவரில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம், லைடன் நகரத்து ஃப்ளோரிஸ் வெர்ஸ்டரின் ஓவியங்களும் இங்கே நிறைய உண்டு. அவரும் அதே தலைமுறையில் எண்ணெய் வண்ணத்தில் பூ வரைந்தவர். அவருடைய பூ ஓவியம் ஏதாவது மாட்டியிருந்தால், வான்கோவைப் பார்த்த கையோடு அதையும் பார்த்துவிடுங்கள்.