ஒரு சாண் மண்: ரோடோடெண்ட்ரானும் அசேலியாவும் வளர்த்த 11 ஆண்டுகள்

11 ஆண்டுகளுக்கு முன் மூன்று ரோடோடெண்ட்ரான்களையும் ஐந்து அசேலியாக்களையும் ஒரே வாரத்தில் நட்டேன். இன்று உயிரோடு இருப்பவை அவற்றில் பாதிதான். போன நான்கில் மூன்று செடிகள், நட்ட முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே போய்விட்டன; அதற்குப் பூச்சியும் காரணமல்ல, பனியும் காரணமல்ல, நான் நட்ட விதமே காரணம். பூவைப் பார்த்து வாங்கிய நான், அந்தச் செடியின் வேரைப் பற்றி அப்போது ஒன்றும் அறிந்திருக்கவில்லை.

சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இவ்விரண்டையும் தனித்தனிப் பேரினங்களாகவே வகைப்படுத்தினார். இன்றைய தாவரவியல் இரண்டையும் ரோடோடெண்ட்ரான் என்ற ஒரே பேரினத்தில் வைக்கிறது. தமிழில் காட்டுப்பூவரசு எனப்படும் மலைமரமும் இதே பேரினம்தான். பெரும்பாலும் அசேலியாவின் பூவில் ஐந்து மகரந்தத்தாள்கள் இருக்கும். ரோடோடெண்ட்ரானில் பத்தோ அதற்கு மேலோ இருக்கும். வளர்ப்பவருக்கு இதைவிட முக்கியமானது, இரண்டுக்கும் வேர் ஒரே மாதிரியானது என்பதே.

அந்த வேர் தலைமுடியைப் போல மெல்லியது. ஆணிவேர் இறங்குவதில்லை, பெரும்பகுதி மேல்மண்ணின் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே பக்கவாட்டில் பரவுகிறது. காற்றும் ஈரமும் ஒருசேர இருந்தால்தான் அது பிழைக்கும். நானோ இறுகிய களிமண்ணில் ஆழமாகக் குழி வெட்டி, அதைப் பீட் மாஸால் (சதுப்புநிலத்தில் மட்கிய பாசியால்) நிரப்பி, மற்றச் செடிகளை நடுவதுபோல் தண்டின் அடி மறையும்வரை மண் அணைத்தேன். மழை பெய்தபோது சுற்றியிருந்த களிமண் வழியே நீர் வடிய இடமின்றி, குழி ஒரு தொட்டியாக மாறியது. இலைகள் துவண்டன. துவண்ட செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினேன். பட்டையைக் கீறிப் பார்த்தபோது அடித்தண்டின் உட்புறம் செம்பழுப்பாக மாறியிருந்தது. ஃபைட்டோஃப்தோரா எனும் நுண்ணுயிரி உண்டாக்கும் வேரழுகலின் அடையாளம் அது. அந்த நிலைக்கு வந்த செடியை மீட்க நான் செய்த எதுவும் பலிக்கவில்லை.

மூன்றாவது செடி இதற்கு நேர்மாறாக, ஈரமான மண்ணுக்கு நடுவிலேயே காய்ந்து செத்தது. தொட்டியில் வளர்ந்த செடியின் வேர்க்கட்டு முழுவதும் பீட் மாஸாக இருந்தது. அது ஒருமுறை நன்றாக உலர்ந்துவிட்டால் மீண்டும் நீரை ஏற்காது, ஊற்றும் நீரெல்லாம் ஓரமாக வழிந்துவிடும். இப்போதெல்லாம் நடுவதற்கு முன் வேர்க்கட்டைத் தண்ணீர் வாளியில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருக்கிறேன். பிறகு, சுற்றிச் சுருண்ட வேர்களைக் கையால் பிரித்துவிட்டு, வேர்க்கட்டின் மேற்பரப்பு தரைமட்டத்துக்கு மேலே 5 சென்டிமீட்டர் நிற்கும்படி மேட்டில் நடுகிறேன். இந்த முறைக்கு மாறியபின் வேரழுகலால் ஒரு செடியும் போகவில்லை.

அமிலத்தன்மையைப் பொறுத்தவரை நான் அதிகம் செலவழித்ததும் குறைவாகப் பயன் பெற்றதும் அதில்தான். இச்செடிகளுக்கு மண்ணின் பிஎச் 4.5 முதல் 6 வரை இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாமல், நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். செலேட்டட் இரும்புக் கரைசலை, அதாவது செடி எளிதில் ஏற்கும் வடிவிலுள்ள இரும்பை, தெளித்தபோது சில வாரங்களில் பச்சை திரும்பியது; ஆனால் அடுத்த தளிரும் மஞ்சளாகவே வந்தது. கடைசியில் குற்றவாளி நான் ஊற்றிய தண்ணீர் என்று தெரிந்தது: கடினநீரில் உள்ள பைகார்பனேட் ஒவ்வொரு முறையும் பிஎச்சைச் சிறிது ஏற்றிக்கொண்டே இருந்தது. மழைநீரைச் சேமித்து ஊற்றத் தொடங்கிய பிறகே இலை நிரந்தரமாகப் பச்சையானது. கந்தகத் தூள் நல்லதுதான், ஆனால் மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை அமிலமாக மாற்றப் பல மாதங்கள் ஆகும். அலுமினியம் சல்பேட் விரைவாக வேலை செய்கிறது. மிகுந்தால் அலுமினியமே வேரைக் கெடுக்கும் என்பதால் அதைக் கைவிட்டேன். பயன்படுத்திய காபித்தூள் மண்ணை அமிலமாக்கும் என்ற நம்பிக்கைக்கு என் தோட்டத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை. வடித்தபின் எஞ்சும் சக்கையில் அமிலம் அவ்வளவாக இருப்பதில்லை. மண் சற்றே நடுநிலையாக இருப்பவர்கள் இவ்வளவு போராடுவதைவிட, ‘கன்னிங்ஹாம்ஸ் ஒயிட்’ போன்ற, ஓரளவு தாங்கும் வகையைத் தேர்ந்தெடுப்பதே மேல். என்னிடம் ஒருநாளும் முகம் கோணாத செடி அதுதான்.

மூடாக்கை மட்டும் நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பைன் பட்டைத் துண்டுகளையோ இலைமட்கையோ 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை, தண்டைத் தொடாமல் பரப்பி, ஆண்டுதோறும் புதுப்பித்தால் போதும். களைக்கொட்டை அங்கே எடுத்துச் செல்லவே கூடாது. கொத்துகிற இடமெல்லாம் வேர்.

ஓர் ஆண்டு இலையுதிர் காலத்தில் அழகாகக் கவாத்து செய்தேன், அடுத்த வசந்தத்தில் ஒரு பூவும் இல்லை. வரும் ஆண்டின் மொட்டு, பூத்து முடிந்த கோடையிலேயே உருவாகிவிடுகிறது என்பதை அன்று கற்றேன். ஆகவே வெட்டுவது பூ முடிந்த சில வாரங்களுக்குள் முடிய வேண்டும்; கோடையில் நீர் குறைந்தால் அதன் விலையை அடுத்த வசந்தத்தில் கொடுக்க நேரும்.

நான்காவது இழப்பு, முழு வெயிலில் வைத்த அசேலியா. வலைபோன்ற இறக்கையுடைய சிறு சாறுறிஞ்சிப் பூச்சிகள் இலையடியில் குடியேறி, மேற்புறத்தை வெளிறிய புள்ளிகளாக்கின. அடிப்புறத்தில் கரும்புள்ளிக் கழிவைக் கண்டபோது காலம் கடந்திருந்தது. அரைநிழலில் இருந்த செடிகளை அவை அவ்வளவாகத் தொடவில்லை.

குழந்தைகளும் ஆடு, நாய் போன்றவையும் உள்ள வீட்டில் இதை நடுமுன் யோசிக்க வேண்டும். இலை, பூ, தேன் அனைத்திலும் கிரயனோடாக்சின் எனும் நச்சு உண்டு.

இருக்கும் செடிகளில் பெரியது, ஆளுயர ரோடோடெண்ட்ரான், வளர்ந்து வந்த ஒரு மரத்தின் அடர்நிழலில் சிக்கிப் பூக்காமல் நின்றது. பத்தாம் ஆண்டில் அதை இடம் மாற்றினேன். வேறொரு புதராக இருந்தால் அந்த வயதில் அஞ்சியிருப்பேன். இதன் வேரோ அகலமான தட்டுப்போல மேலாகவே இருந்ததால், இலைப்பரப்பின் விளிம்பில் மண்வெட்டியை இறக்கி, இருவராகச் சாக்கில் வைத்து இழுத்துச் செல்ல முடிந்தது. அந்த வசந்தத்தில் மூன்றே கொத்துகள் பூத்தன. இந்த ஆண்டு எண்ணவில்லை.