வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள்: ஒப்பந்தக்காரரைப் பற்றி என் அனுபவம்

பின்சுவரிலிருந்து 40 அடி தள்ளி 5 லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி வருகிறது என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. தண்ணீர் மட்டுமே 500 டன். எங்களுடையதோ பழைய செங்கல் வீடு. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்குப் பின்பக்க அறைதான். வேலை முடிந்துவிட்ட இப்போது, கட்டியவர்களுக்கு நல்ல மதிப்பெண்தான் கொடுப்பேன். தூசி விஷயத்தில் மட்டும் கொடுக்க மாட்டேன்.

மண்ணைத் தொடும் முன்பே சைட் இன்ஜினியர் கேமராவோடு வந்தார். அறை அறையாகப் படம் எடுத்தார். அம்மா அறை ஜன்னலுக்கு மேலே சாய்வாக ஒரு பழைய விரிசல் உண்டு. அதன் இரண்டு முனைகளிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதினார். "விரிசல் இந்தக் கோட்டைத் தாண்டினால் பொறுப்பு எங்களோடது அக்கா" என்றார். படங்களின் நகலும் கையெழுத்தோடு என்னிடம் வந்தது.

தொட்டியைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் தூண்களை (பைல்) அடித்து இறக்காமல், துளை போட்டு கான்கிரீட் ஊற்றினார்கள். வாசலில் லாரி இன்ஜினை அணைக்காமல் நிற்பது போன்ற சத்தம், அதிர்வு குறைவு. விரிசல் கோட்டைத் தாண்டவில்லை. குளியலறைச் சுவரில் மட்டும் முடி அளவு புதிதாக ஒன்று விழுந்தது. முன்பு எடுத்த படத்தில் அது இல்லை என்பதால் வாக்குவாதமே எழவில்லை. அதே வாரம் ஆள் வந்து பூசிக்கொடுத்தார்.

தொட்டிச் சுவருக்கு கான்கிரீட் போடும் நாளை மூன்று நாள் முன்பே சொன்னார்கள்: காலை 5 மணிக்கு ஆரம்பித்தால் இரவு 11 ஆகலாம். கோபமாகப் போய்க் கேட்டேன். மேஸ்திரி பொறுமையாக விளக்கினார். பாதியில் நிறுத்தினால் போட்டது இறுகிவிடும். அதன் மேல் போடுவது சரியாக ஒட்டாது. பிறகு அந்தக் கோட்டில்தான் தண்ணீர் கசியும். சரி என்று அன்றைக்கு அம்மாவைத் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டேன்.

தூசிதான் பொறுக்க முடியவில்லை. தினமும் இரண்டு முறை தண்ணீர் தெளிப்போம் என்றார்கள். கேட்டால்தான் தெளித்தார்கள். அம்மாவுக்கு இருமல் கூடி, இரண்டு வாரம் ஜன்னலில் ஈரத்துணி கட்டி வைத்தேன். மூன்றாவது முறை போய்க் கேட்ட பிறகுதான் பச்சை வலை வந்தது. முதல் லோடு ஜல்லி இறங்கும் முன்பே கட்டியிருக்க வேண்டியது அது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

தொட்டி கசிகிறதா என்ற சோதனையை ஒழுங்காகச் செய்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, மட்டத்தைக் குறித்து, 7 நாள் அப்படியே விட்டார்கள். தொட்டியின் சுவரும் அடித்தட்டும் சேரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. மறைக்காமல் இன்ஜினியரே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தொட்டியைக் காலி செய்து, சரி செய்து, மறுபடி நிரப்பினார்கள்.

அப்புறம் ஒரு ராத்திரி மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டார்கள். ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் எங்கள் சந்துப் பக்கம் பார்த்து இருந்ததால் தண்ணீர் கேட் வரை வந்துவிட்டது. மறுநாளே குழாயை நீட்டி வடிகாலில் இறக்கினார்கள். உங்கள் வீட்டருகே தொட்டி வருவதாக இருந்தால், அந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று வரைபடத்தைக் காட்டும்போதே கேட்டுவிடுங்கள்.