ஆண்டு ஒத்திகையா, மேசைப் பயிற்சியா: நீலகிரிக்கு எது பொருந்தும்?

கேத்தியில் 2009 நவம்பரில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டரும், அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. அத்தகைய இரவில் மண்சரிவை அகற்ற ஜேசிபி இருந்தால் மட்டும் போதாது. அதை எந்தச் சாலைக்கு முதலில் அனுப்புவது என்று அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு ஒருவர் முடிவெடுக்க வேண்டும், அது தவறெனத் தோன்றினால் கீழ்நிலை அலுவலர் தயங்காமல் சொல்லவும் வேண்டும். பேரிடர்க் குழுவுக்கு இதைப் பழக்க, ஆண்டுதோறும் களத்தில் நடத்தும் ஒத்திகை ஏற்றதா, மேசையைச் சுற்றி அமர்ந்து கற்பனை நெருக்கடியைக் கையாளும் மேசைப் பயிற்சி ஏற்றதா என்பதே கேள்வி.

இத்திறன்களைத் தனியே பயிற்றுவிக்கும் வழக்கம் விமானத்துறையில் வேரூன்றியது. 1977இல் டெனரீஃப் தீவில் இரு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று, புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் பொறியாளர் எழுப்பிய ஐயத்தை அதன் தலைமை விமானி பொருட்படுத்தவில்லை. வட்டாட்சியருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் இடையிலும் அதே தயக்கம் எழக்கூடும் என்பதே என் கவலை.

களத்தில் நடக்கும் பெரிய ஒத்திகை, கயிறு, விளக்கு, வயர்லெஸ் எல்லாவற்றையும் பனிமூட்டத்தில் சோதித்துப் பார்க்க உதவுகிறது. அதற்கு மாற்று இல்லை. ஆனால் தேதியும் காட்சியும் முன்பே தெரிந்துவிடுவதாலும், மேலதிகாரிகள் பார்த்துக்கொண்டிருப்பதாலும், குழுவினர் தாம் தடுமாறிய இடத்தை மறைக்கவே முயல்வார்கள்.

மேசைப் பயிற்சிக்கு அரை நாளும் ஒரு நிலவரைபடமும் போதும். பர்லியாறு அருகே சாலை துண்டிக்கப்பட்டதாக ஒரு செய்தி, பத்து நிமிடத்தில் அதை மறுக்கும் இன்னொரு செய்தி, அதற்குள் கோத்தகிரி வழியில் மரம் விழுந்ததாக மூன்றாவது என்று கொடுத்துக்கொண்டே போனால், யார் கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்கிறார், யார் முதல் ஊகத்திலேயே சிக்கிக்கொள்கிறார் என்பது வெளிப்பட்டுவிடும். முடிந்ததும் நடக்கும் மீளாய்வில்தான் பெரும்பங்கு கற்றல் நிகழ்கிறது. அங்கே மூத்த அலுவலர் தம் பிழையை முதலில் சொன்னால் மற்றவர்களுக்கும் வாய் திறக்கும். நனையாமல் எதிரெதிரே அமர்ந்திருப்பவர்களுக்குக் களைப்பு புரியாது என்பது இதன் குறை.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் நான் மேசைப் பயிற்சியையே பரிந்துரைப்பேன், ஆனால் குழுவைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, வாக்கி டாக்கி மட்டும் கொடுத்து, இரவில் நடத்த வேண்டும். கூடலூர், பந்தலூர், குந்தா பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாகவும், குன்னூர், கோத்தகிரிக்குச் செப்டம்பரிலும் வைக்கலாம். மே மாதம் மலர்க் கண்காட்சிப் பணியில் மூழ்கியிருக்கும் அலுவலர்களாலும் ஓர் இரவை ஒதுக்க இயலும்.