41,500 ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்றாம் வருடத்தைப் பதிவே செய்யவில்லை: தொலைதூரப் படிப்பில் பிள்ளைகளைச் சேர்த்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். என் தங்கச்சியின் பட்டப்படிப்புக்கு என்று மூன்று வருடத்தில் 41,500 ரூபாய் கட்டினோம். அதில் கடைசி வருடத்துப் பணம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. அவள் மூன்றாம் வருட மாணவியே இல்லை என்பது ஜூன் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்த பிறகுதான் தெரிந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. கேரள அரசின் அக்ஷயா சேவை மையம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்மிஷன், ரிஜிஸ்ட்ரேஷன், எக்ஸாம் எல்லாம் ஒரே இடத்தில் என்று தமிழிலும் மலையாளத்திலும் போர்டு மாட்டியிருக்கும் தனியார் படிப்பு உதவி மையம். நம் பக்கத்தில் ஒவ்வொரு பஜாரிலும் இந்த மாதிரி ஒன்று இருக்கிறது.

தங்கச்சி தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தவள். சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேரணும் என்பதுதான் அவள் ஆசை. அப்பாவுக்கு வாதம் வந்து படுத்துவிட்டதால் பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனாள். வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தான் வழி என்று பலரும் சொன்னார்கள். அப்படித்தான் 2022 ஜூலை சேர்க்கைக்கு அந்த மையத்தின் படியேறினோம்.

அந்த மையத்தை நடத்தும் ஆள் பேசிய விதத்தை நான் சொல்லியே ஆகணும். எழுந்து நின்று தங்கச்சிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பாவின் உடம்பை விசாரித்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேலே 132 என்று எழுதி, கீழே மூன்று 44 போட்டார். "சேச்சி, இந்த பி.ஏ.வுக்கு மொத்தம் 132 கிரெடிட். வருஷத்துக்கு 44. ஒரு கிரெடிட்னா முப்பது மணி நேரப் படிப்பு. ஆறு கிரெடிட் பேப்பர்னா 180 மணி நேரம்" என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சொல்லிக்கொடுத்தார். முதன்மைப் பாடம் இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு பேப்பர், அதற்கு மேல் மொழிப் பாடம், சுற்றுச்சூழல், திறன் வளர்ப்பு, விருப்பப் பாடம் என்று வரிசையாக எழுதிக் காட்டினார். தங்கச்சி வரலாறும் அரசியல் அறிவியலும் வேணும் என்றாள். "பேஷா எடுக்கலாம்" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்ன கணக்கு ஒவ்வொன்றும் சரி. பிறகு நாங்களே விதிகளைத் தேடிப் படித்துப் பார்த்தோம், ஒரு எண் கூடத் தப்பு இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். விவரம் தெரியாமல் சொதப்பியிருந்தால்கூட மனசு ஆறும். எல்லாம் தெரிந்த மனுஷன், தெரிந்தே செய்தார்.

"தங்கச்சி புஸ்தகத்தைத் தொட்டாப் போதும், மத்த எதையும் தொட வேண்டாம். பேப்பர் செலக்ட் பண்றது, வருஷா வருஷம் ரீ-ரிஜிஸ்ட்ரேஷன், அசைன்மென்ட், எக்ஸாம் ஃபாரம், எல்லாம் எங்க பொறுப்பு. மூணாவது வருஷம் வந்து சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கிட்டுப் போங்க" என்றார். பிறகு விண்ணப்பத்தில் செல் நம்பர் கேட்கும் இடம் வந்தது. தங்கச்சி தன் நம்பரைச் சொல்ல வாயெடுத்தாள். "ஓடிபி வர்றப்போ நீங்க கடையில வேலையா இருப்பீங்க, நம்ம நம்பரையே போட்டுக்கலாம்" என்று தன் நம்பரை அடித்தார். ஈமெயிலும் மையத்துடையது. பாஸ்வேர்டும் அவர்களிடமே. அந்த ஒரு நிமிஷத்தில் பல்கலைக்கழகம் என் தங்கச்சியிடம் பேசும் வழி முழுவதும் அவர் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

முதல் வருடம் 13,500. நான் தைத்துச் சேர்த்த சீட்டுப் பணம் அது. ரோஸ் நிறச் சின்ன ரசீது ஒன்று கொடுத்தார்கள், ரப்பர் ஸ்டாம்போடு. பாடப்புத்தகம் தபாலில் வரவே இல்லை. தபால் லேட் என்று சொல்லி, ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் நோட்ஸ் கொடுத்தார்கள். இப்போதுதான் தெரிகிறது: அச்சுப் புத்தகம் வேண்டாம், மின்னூல் போதும் என்று டிக் பண்ணினால் இக்னோ கட்டணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி தருகிறது. எங்களைக் கேட்காமலே அதை டிக் பண்ணி, அந்த 15 சதவீதத்தையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். புத்தகத்துக்காக அவள் போஸ்ட்மேனை எத்தனை நாள் கேட்டாள்!

இரண்டாம் வருடமும் 13,500. இங்கே ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். இக்னோவில் வருடா வருடம் மறுபதிவு செய்தால்தான் அடுத்த வருடப் பாடங்கள் உங்கள் பேரில் ஏறும். முந்தைய வருடத் தேர்வில் தேறினீர்களா, எழுதினீர்களா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. பணம் கட்டிப் பதியணும், அவ்வளவுதான். ஆனால் பாடப் பதிவு வேறு, தேர்வு ஃபாரம் வேறு. பதியாத பாடத்துக்குத் தேர்வு எழுத முடியாது. அசைன்மென்ட் மூன்றாவது வேலை: மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதிலிருந்து, 70 சதவீதம் தேர்விலிருந்து, இரண்டிலும் தனித்தனியாகத் தேறணும். இதில் எந்த ஒன்று விட்டுப்போனாலும் அந்தப் பேப்பரின் கிரெடிட் கணக்கில் ஏறாது.

அசைன்மென்ட்டைக் கையால்தான் எழுத வேண்டும். தங்கச்சி ஜவுளிக்கடையிலிருந்து ராத்திரி வந்து, சாப்பிட்டுவிட்டு, அப்பா தூங்கின பிறகு உட்கார்ந்து எழுதுவாள். எழுதி முடித்துக் கொண்டுபோய் மையத்தில் கொடுப்பாள். அதில் இரண்டு கட்டை இந்த ஜூன் மாதம் அந்த மையத்தின் அலமாரியில் நான் என் கண்ணால் பார்த்தேன். ரப்பர் பேண்ட் போட்டபடி, அவள் கையெழுத்தில் சேர்க்கை எண்ணோடு, தூசி படிந்து கிடந்தது. அந்த இரண்டு பேப்பரும் இன்றைக்கு வரை முடியாமல் நிற்கிறது. தேர்வில் தேறிவிட்டாள். அசைன்மென்ட் தாள்தான் போய்ச் சேரவில்லை.

மூன்றாம் வருடம், 2024 ஜூலையில், கட்டணம் ஏறிவிட்டது என்று 14,500 கேட்டார்கள். ஒரே தடவையில் கொடுத்தோம். மொத்தம் 41,500 ஆனது.

இந்த மே கடைசியில் ஹால் டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். முந்தைய வருடத்துப் பேப்பர் இரண்டு மட்டும் இருந்தது. மூன்றாம் வருடப் பாடம் ஒன்றுகூட இல்லை. போன் போட்டால், "சர்வர் அப்டேட் ஆகலை சேச்சி, ரெண்டு நாள்ல ஏறிடும்." அப்புறம், "டெல்லியில இருந்து லிஸ்ட் வரணும்." அப்புறம், "எக்ஸாம் ஹால்ல சொன்னா எழுத விடுவாங்க, நான் பேசிட்டேன்." தங்கச்சி லீவு போட்டுவிட்டுப் போய் நின்றாள். பட்டியலில் பெயர் இல்லாத பேப்பருக்கு யார் வினாத்தாள் கொடுப்பார்கள்? திரும்பி வந்தாள். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. மெசேஜ் பார்த்ததற்கு நீலக் குறி மட்டும் விழும். நேரில் போனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண், "சார் திருச்சூர் போயிருக்காரு" என்று தலை நிமிராமல் சொல்வாள். கீழே அவர் வண்டி நிற்கும்.

கடைசியில் ஒருநாள் மாட்டினார். அன்றைக்கு நாற்காலி எல்லாம் இல்லை. அந்த ரோஸ் ரசீதைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல யூனிவர்சிட்டி ஃபீஸ்னு எங்கேயாவது இருக்கா? சர்வீஸ் சார்ஜ்னுதானே இருக்கு? சர்வீஸ் பண்ணியாச்சு" என்றார். மூன்று வருடம் எங்கள் வீட்டுப் பணத்தை வாங்கின வாய் அது. 41,500 ரூபாய்க்கு அதுதான் பதில்.

கொச்சியில் இருக்கும் இக்னோ மண்டல மையத்துக்கு அடையாள அட்டை நகலோடு எழுதி, செல் நம்பரையும் ஈமெயிலையும் தங்கச்சியுடையதாக மாற்றினோம். இக்னோ தளத்துக்குள் போய்ப் பார்த்தால் பதிவானது 88 கிரெடிட். மூன்றாம் வருட 44 கிரெடிட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டப்படவில்லை. முதல் இரண்டு வருடக் கட்டண ரசீதும் அங்கேயே கிடந்தது. எங்களிடம் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் இல்லை. இக்னோ கட்டணத்தை ஆன்லைனில் நேரடியாகக் கட்டுவதுதான் முறை. எந்தக் கடைக்காரருக்கும் அதில் வேலை இல்லை. தொலைதூரப் படிப்பை ஃபிரான்சைஸ் முறையில் நடத்தவே கூடாது என்று யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 விதி சொல்கிறது. ஆனால் அந்த மையத்தின் சுவரில் "அங்கீகரிக்கப்பட்ட மையம்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது.

இந்த வருடம் பட்டம் கையில் வந்ததும் கேரளா பிஎஸ்சியின் (அரசுப் பணித் தேர்வாணையம்) பட்டதாரி நிலைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கணும் என்று இருந்தாள். அது போச்சு. படிப்பு ரத்தாகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். மூன்று வருடப் பட்டத்தை முடிக்க இக்னோவில் அதிகபட்சம் ஆறு வருடம் உண்டு. மூன்றாம் வருடத்தைத் தன் போனிலேயே தானே பதிந்துவிட்டாள். அரை மணி நேர வேலை.

என்னை இன்னும் கொதிக்க வைப்பது ஒன்று. போன வாரம் அதே கடையில் புதுப் போர்டு: நான்கு வருடப் பட்டத்துக்கு கோர்ஸ் செலக்ஷன் செய்து தரப்படுமாம். 2024 முதல் கேரளாவில் ரெகுலர் காலேஜ் பிள்ளைகளுக்கும் கிரெடிட் கணக்கு வந்துவிட்டது. மூன்று வருடத்தோடு வெளியே வர 133 கிரெடிட், நான்கு வருட ஆனர்ஸுக்கு 177. அந்த 133 என்பது மேஜர் (முதன்மைப் பாடம்) 68, மைனர் (துணைப் பாடம்) 24, பொது அடித்தளப் பாடங்கள் 39, இன்டர்ன்ஷிப் 2. இதில் ஒரு மைனர் பேப்பரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் கடைசியில் இடிக்கும். இதைச் சொல்லிக்கொடுக்கக் காலேஜிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள், காசில்லாமல். தமிழ் மீடியத்திலிருந்து போகிற பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், அந்தக் கூச்சத்தைத்தான் இவர்கள் விலை போடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஏற்கெனவே அங்கே முன்பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறான்.

போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் கூப்பிட்டும் புகாரைப் பதியலாம்.

எப்படிச் செய்யணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை, தையல் வேலை காத்திருக்கிறது. அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் பிள்ளையின் செல் நம்பரைத் தவிர வேறு நம்பர் ஏறக் கூடாது. ஏபிசி ஐடியும் (கிரெடிட் சேரும் கணக்கு எண்) டிஜிலாக்கரும் (சான்றிதழ் வைக்கும் அரசு ஆப்) அதே நம்பரில்தான் இருக்கணும். கட்டண ரசீது பல்கலைக்கழகத்தின் தளத்திலிருந்து வந்ததா என்று பாருங்கள், ரோஸ் சீட்டு ரசீது ஆகாது. "சர்வர் பிரச்சினை" என்று ஒரு தடவை கேட்டாலே மண்டல மையத்துக்கு எழுதிவிடுங்கள். அசைன்மென்ட்டைக் கொடுத்தால் ஒப்புகை இல்லாமல் திரும்பாதீர்கள்.

அந்த மாதிரி மையத்தில் பணம் கட்டியிருப்பவர்கள் இன்றைக்கே பல்கலைக்கழகத்தின் தளத்துக்குள் போய் எத்தனை கிரெடிட் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஜூலைப் பதிவு முடிந்துவிட்டால் இன்னொரு வருடம் போய்விடும். ரசீது வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடாமல் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம். எங்களைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்று அந்த அலமாரியில் கிடந்த மற்றக் கட்டுகளைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தெரியும்.