ஜிவி2எம்இ மோட்டார் பிரேக்கர்: நல்ல காவல்தான், டயலைச் சரியாக வைத்தால்

4 கிலோவாட் மோட்டாருக்கு நேரடி ஸ்டார்ட்டர் கட்டும்போது ஃபியூஸ், ஓவர்லோடு ரிலே என்று தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. ஷ்னைடரின் ஜிவி2எம்இ14 இரண்டு வேலையையும் 45 மில்லிமீட்டர் அகலத்துக்குள் முடித்துவிடுகிறது. மோட்டார் கரண்டுக்கு ஏற்ப அமைக்கும் டயல் 6 முதல் 10 ஆம்பியர் வரை; திடீர்ப் பெருங்கரண்டில் உடனே துண்டிக்கும் காந்த ட்ரிப் 138 ஆம்பியரில். 400 வோல்ட்டில் 100 கிலோஆம்பியர் வரையிலான ஷார்ட் சர்க்யூட்டைத் துண்டிக்கும். ஒரு ஃபேஸ் அறுந்தால், சாதாரண ஓவர்லோடைவிடச் சீக்கிரமே விழுந்துவிடும் (தானே ஆஃப் ஆகிவிடும்). இந்த ஒரு குணத்துக்காகவே வெறும் எம்சிபியை (வீடுகளில் போடும் சாதாரண பிரேக்கர்) ஒதுக்கிவிட்டு இதை வாங்கலாம்.

இதைக் கெடுப்பது டயலைத் திருப்பும் கைதான். நேம் பிளேட்டில் 8 ஆம்பியர் என்றிருந்தால் டயலும் 8-இல் நிற்க வேண்டும். "அடிக்கடி விழுகிறது" என்று 10-க்குத் திருகிவிடுவது பரவலான பழக்கம். தரநிலைப்படி இது அமைத்த அளவின் 1.05 மடங்கில் விழக்கூடாது, 1.2 மடங்கில் 2 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 10-இல் வைத்தால், 11 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கலாம். வைண்டிங் சூடு கரண்டின் வர்க்கத்தோடு ஏறும். 8-க்குப் பதில் 11 என்றால் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. பேரிங் இறுக்கமா, பெல்ட் இழுவை அதிகமா, வோல்டேஜ் குறைவா என்று பார்க்காமல் டயலைத் தொடவே கூடாது.

ஸ்டார்ட் செய்த கணமே விழுந்தால் கதை வேறு. அது காந்த ட்ரிப்; டயலைத் திருப்பினாலும் மாறாது. திறன்மிகு மோட்டார்கள் முதல் அரைச் சுழற்சியில் பெரிய உச்சக் கரண்டை இழுக்கும். 9.8 ஆம்பியர் மோட்டாருக்கு 138 என்பது 14 மடங்குதான். அடுத்த அளவான ஜிவி2எம்இ16-இல் (9 முதல் 14 ஆம்பியர்) காந்த ட்ரிப் 170. அதாவது 17 மடங்குக்கு மேல். மோட்டாரின் கரண்ட் டயல் எல்லையின் உச்சியில் வந்தால் பெரியதையே எடுங்கள். ஆனால் அந்த மாடலின் துண்டிக்கும் திறன் 400 வோல்ட்டில் 15 கிலோஆம்பியராக இறங்கிவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்துப் பேனல் என்றால் அந்த இடத்தின் ஷார்ட் சர்க்யூட் கரண்டைக் கணக்கிட்டுவிட்டு வாங்குங்கள். தேவைப்பட்டால் முன்னால் ஃபியூஸ் போட வேண்டும்.

பெரிய விசிறி, சென்ட்ரிஃப்யூஜ் போல மெதுவாக வேகமெடுக்கும் சுமைகளுக்கு இது பொருந்தாது. 7.2 மடங்கு கரண்டில் 10 விநாடிக்குள் விழும் வகை இது. அவை வேகமெடுக்கவே அதற்கு மேல் ஆகலாம்.

மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவான விஎஃப்டியோடு சேர்க்கும்போதுதான் அதிகக் குழப்பம். டிரைவின் உள்வரும் பக்கத்தில் போடலாம். அளவு டிரைவ் கையேட்டின் அட்டவணைப்படி. அங்கே அது காப்பது கேபிளையும் டிரைவையும், மோட்டாரை அல்ல. மோட்டார் கரண்டை டிரைவின் பாராமீட்டரில் பதிய வேண்டும். குறைந்த வேகத்தில் மோட்டாரின் சொந்த விசிறி காற்று தராது. கரண்ட் அளவோடு இருந்தாலும் வைண்டிங் சுடும். கரண்டின் சூட்டில் வளைந்து பிரேக்கரை விழவைக்கும் பைமெட்டல் பட்டைக்கு அது தெரியாது. அங்கே வைண்டிங்கில் பிடிசி தெர்மிஸ்டர் (வெப்ப உணரி) வைத்து டிரைவோடு இணைப்பதே சரி.

டிரைவின் வெளியேறும் பக்கத்தில் இதைப் போட வேண்டாம். உயர் அதிர்வெண் கரண்டும் நீண்ட கேபிளின் சார்ஜிங் கரண்டும் பைமெட்டலைச் சூடாக்கிக் காரணமின்றி விழவைக்கும். ஒரே டிரைவில் பல மோட்டார்கள் ஓடினால், ஒவ்வொன்றுக்கும் தனி ஓவர்லோடு ரிலே போட்டு, அதன் துணைத் தொடர்பை டிரைவின் நிறுத்தும் இன்புட்டுக்குக் கொண்டுபோங்கள்.

பழுதுபார்க்கும்போது கவனம்: இதை ஆஃப் செய்தாலும் டிரைவுக்குள் டிசி பஸ் கெப்பாசிட்டர் சார்ஜோடு இருக்கும். லேபிளில் எழுதிய நிமிடங்கள் காத்திருந்து, மீட்டரால் டிசி அளந்த பிறகே கை வையுங்கள். பட்டன் வகையான எம்இ-யில் பூட்டுப் போடத் தனித் துணைப்பாகம் வேண்டும். சுழல் கைப்பிடியுள்ள ஜிவி2பி-யில் அந்த வசதி கூடவே வருகிறது. ஆட்கள் இறங்கி வேலை செய்யும் இயந்திரத்துக்கு ஜிவி2பி-யே எங்கள் தேர்வு.

டெர்மினல் ஸ்க்ரூவை 1.7 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். தளர்ந்த முனையின் சூடும் பைமெட்டலை விழவைக்கும். பழி மோட்டார்மேல் போகும்.